ஆமணக்கு எண்ணெயா, அல்புமினா? ஒரு புற்றுநோய்க் கூட்டு சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

2019 மார்ச் 8 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, அடிசோலிசுமாப் என்ற மருந்தை ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்க அனுமதித்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற முதல் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, அதுதான். இரண்டரை ஆண்டுகூட முடியவில்லை. 2021 ஆகஸ்டில் அதைத் தயாரிக்கும் ரோஷ் நிறுவனம் தானே முன்வந்து அந்த அனுமதியை அமெரிக்காவில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. அடிசோலிசுமாபோடு சேர்த்துக் கொடுத்த பழைய கீமோ மருந்தை எதில் கலந்து ஏற்றினார்கள் என்ற, கேட்பதற்குச் சில்லறையாகத் தெரியும் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் கதை முழுவதும் நடக்கிறது.

புற்றுநோய் இம்யூனோதெரபியை நானோ மருத்துவம், அதாவது மருந்தை மிக நுண்ணிய துகள்களாக்கிக் கொடுக்கும் முறை, மேம்படுத்துகிறது என்று எழுதுபவர்கள் பலரும் இந்த நிகழ்வை வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். முதல் பாதியை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

நோயும் அன்றைய நிலையும்

நோய், மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோய். மருத்துவமனைகளில் 'ட்ரிபிள் நெகட்டிவ்' என்றே சொல்வார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 புரதம் ஆகிய மூன்றும் இல்லாத கட்டி. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு இந்த வகை. ஹார்மோன் ஏற்பி இல்லாததால் டமாக்சிஃபென் பயன்படாது. ஹெர்2 இல்லாததால் டிராஸ்டுசுமாபும் பயன்படாது. உடலில் வேறு இடங்களுக்குப் பரவிவிட்டால் கீமோ ஒன்றுதான் வழி என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பரவிய பிறகு வாழ்நாள் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டைச் சுற்றியே இருந்தது.

மற்ற மார்பகப் புற்றுநோய் வகைகளைவிட இந்தக் கட்டிகளுக்குள் டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் அதிகம் நுழைந்திருக்கும். மரபணுப் பிறழ்வுகளும் கூடுதல். எனவே இம்யூனோதெரபிக்கு இது ஏற்ற இடம் என்று எதிர்பார்த்தார்கள். அடிசோலிசுமாப், பிடி-எல்1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடி. பிடி-எல்1 செய்யும் வேலை, தாக்க வந்த டி செல்லை அமைதிப்படுத்துவது. அதை மறைத்துவிட்டால் டி செல் தன் வேலையைச் செய்யும்.

ஆனால் தனியாகக் கொடுத்தபோது பலன் பெரிதாக இல்லை. 116 பேரிடம் நடந்த முதல் கட்டச் சோதனையில், பரவிய நோய்க்கு முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களிடம் அது வெறும் 6 விழுக்காடு. கீமோவைச் சேர்த்தால் சாகும் புற்றுசெல்களிலிருந்து அடையாளப் புரதங்கள் வெளியேறும், டி செல்களுக்கு இலக்கு தெரியும் என்பது அடுத்த யோசனை. சரி, எந்தக் கீமோ?

ஒரே மருந்து, இரண்டு வடிவம்

பாக்லிடாக்செல் மார்பகப் புற்றுநோயில் நன்கு பழகிய மருந்து. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்து, மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1971-இல் இதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். செல் பிரியும்போது தேவைப்படும் நுண்குழாய்களை இறுக்கிப் பிடித்து, பிரியவிடாமல் தடுக்கும். ஒரே ஒரு தொல்லை: தண்ணீரில் கரையாது.

அதனால் கிரெமோஃபோர் என்ற பொருளிலும் எத்தனாலிலும் கரைத்துத்தான் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். கிரெமோஃபோர், ஆமணக்கு எண்ணெயை வேதியியல் முறையில் மாற்றிச் செய்தது. அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரை போகும். அதைத் தடுக்க, மருந்து ஏறுவதற்கு முன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒவ்வாமை மருந்துகளும் கொடுப்பது வழக்கமாயிற்று. பல பத்தாண்டுகளாக இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்பது இம்யூனோதெரபி வந்த பிறகுதான் உறுத்தியது.

இரண்டாவது வடிவம் நாப்-பாக்லிடாக்செல். அப்ராக்சேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பாக்லிடாக்செலையும் மனித ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தையும் உயர் அழுத்தத்தில் ஒன்றாகச் செலுத்தி, சராசரியாக 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக ஆக்கிவிடுகிறார்கள். எண்ணெய் இல்லை. முன்கூட்டி ஸ்டீராய்டு கொடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்று மணி நேரம் ஏற்றியதை முப்பது நிமிடத்தில் ஏற்றலாம். 454 பேரிடம் நடந்த சோதனையில் கட்டி சுருங்கியோர் 33 விழுக்காடு, பழைய வடிவத்தில் 19 விழுக்காடு. 2005 ஜனவரியில் எஃப்டிஏ அனுமதித்தது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அந்தச் சோதனையில் இரண்டு வடிவங்களும் ஒரே அளவில் கொடுக்கப்படவில்லை. புதியது உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம், பழையது 175. பின்னாளில் வாராவாரம் கொடுக்கும் முறையில் ஒப்பிட்ட பெரிய அமெரிக்கச் சோதனையில் நாப் வடிவம் பழையதை வெல்லவில்லை; நரம்புப் பாதிப்பும் ரத்த அணுக்குறைவும்தான் கூடின. அதிக மருந்தைத் தாங்க வைத்ததே நானோ வடிவத்தின் சாதனை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். 130 நானோமீட்டர் என்பது குப்பியிலுள்ள அளவு. ரத்தத்தில் சேர்ந்த சிறிது நேரத்திலேயே துகள்கள் சிதறி, தனித்தனி அல்புமின் மூலக்கூறுகளோடு ஒட்டிய மருந்தாக மாறிவிடுகின்றன. அவற்றின் அளவு ஏறக்குறைய 10 நானோமீட்டர். விளம்பரப் படங்களில் கோளம் கோளமாகக் கட்டிக்குள் நுழையும் துகள்கள் பெரும்பாலும் கற்பனை.

முதல் சோதனை: இம்பேஷன்130

லண்டன் பார்ட்ஸ் புற்றுநோய் நிறுவனத்தின் பீட்டர் ஷ்மிட் தலைமையில், 41 நாடுகளில் 902 பேர் சேர்க்கப்பட்டார்கள். பரவிய நோய்க்கு இதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். எல்லோருக்கும் நாப்-பாக்லிடாக்செல், சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம், நான்கு வாரச் சுற்றில் மூன்று முறை. பாதிப்பேருக்குக் கூடவே அடிசோலிசுமாப் 840 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மீதிப்பேருக்கு அதற்குப் பதில் ப்ளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி ஊசி. நாப் வடிவத்தைத் தேர்ந்ததற்கு வெளிப்படையாகச் சொன்ன காரணம் ஸ்டீராய்டைத் தவிர்ப்பது.

2018 அக்டோபரில் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில் முடிவுகள் வந்தன. நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 7.2 மாதம், ப்ளாசிபோ பிரிவில் 5.5. கட்டியிலுள்ள நோய் எதிர்ப்பு செல்களில் பிடி-எல்1 இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 7.5 மாதமும் 5.0 மாதமும். இவர்கள் மொத்தத்தில் 41 விழுக்காடு. மாநாட்டை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த எண்: அதே குழுவில் உயிர்வாழ்ந்த காலம் 25.0 மாதம், ப்ளாசிபோவில் 15.5. இவ்வளவு பெரிய இடைவெளியை இந்த நோயில் யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆனால் புள்ளியியல் ஒழுங்கு வேறு கதை சொன்னது. வாழ்நாளை முதலில் எல்லா நோயாளிகளிடமும் ஒப்பிடவேண்டும், அதில் தெளிவான வேறுபாடு இருந்தால் மட்டும் பிடி-எல்1 குழுவுக்குப் போகவேண்டும் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எல்லோரிடமும் 21.3 மாதத்துக்கு 17.6 மாதம், வேறுபாடு எல்லையைத் தாண்டவில்லை. அதனால் அந்த ஒன்பதரை மாதம் முறைப்படி நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல. பல செய்திகளில் இந்த வரி விடுபட்டுப்போனது. கூடுதல் காலம் கண்காணித்தபோது இடைவெளி குறைந்தது. இறுதிக் கணக்கில் 25.4 மாதமும் 17.9 மாதமும். குறைந்தாலும் ஏழரை மாதம் சின்ன விஷயம் கிடையாது.

தீங்கையும் சொல்லவேண்டும். கடுமையான நரம்புப் பாதிப்பு 2.7 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காடாகக் கூடியது. பக்க விளைவால் ஏதாவது ஒரு மருந்தை நிறுத்தியவர்கள் 15.9 விழுக்காடு, ப்ளாசிபோ பிரிவில் 8.2. தைராய்டு குறைபாடும் கூடியது. இம்யூனோதெரபி கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை.

எஃப்டிஏ கொடுத்தது விரைவு அனுமதி. பிடி-எல்1 உள்ளவர்களுக்கு மட்டும், நாப்-பாக்லிடாக்செலோடு மட்டும், இன்னொரு சோதனை இதை உறுதிசெய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த இன்னொரு சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது சோதனை: இம்பேஷன்131

நோய் அதே, அடிசோலிசுமாப் அதே, பிடி-எல்1 பரிசோதனையும் அதே. கீமோ மட்டும் எண்ணெயில் கரைத்த பழைய பாக்லிடாக்செல், சதுர மீட்டருக்கு 90 மில்லிகிராம். குறைந்தது முதல் இரண்டு தடவையாவது 8 முதல் 10 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் அல்லது அதற்கு ஈடான ஸ்டீராய்டு. பிரிட்டனின் டேவிட் மைல்ஸ் தலைமையில் 651 பேர். மூன்றில் இரு பங்கினருக்கு அடிசோலிசுமாப்.

நாப் வடிவம் விலை கூடியது, பல நாடுகளில் எளிதில் கிடைக்காது. எனவே பழைய பாக்லிடாக்செலோடும் கூட்டணி வேலை செய்தால் மருத்துவர்களுக்கு வசதி. கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

2020 செப்டம்பரில் இணையவழி நடந்த ஐரோப்பிய மாநாட்டில் முடிவு வந்தது. பிடி-எல்1 உள்ளவர்களிடம் நோய் முற்றாத காலம் 6.0 மாதம், ப்ளாசிபோவில் 5.7. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். உயிர்வாழ்ந்த காலம் தலைகீழாக நின்றது: அடிசோலிசுமாப் பெற்றவர்கள் 22.1 மாதம், பெறாதவர்கள் 28.3 மாதம். அபாய விகிதம் (1-க்குக் கீழே என்றால் மருந்து உதவியது, மேலே என்றால் கெடுத்தது) 1.11, அதன் நம்பக எல்லை 0.76-லிருந்து 1.64 வரை அகலமாக விரிந்திருந்தது, ஆகவே மருந்து கெடுதல் செய்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் உதவியது என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. மாநாட்டுக்கு முன்பே, செப்டம்பர் 8 அன்று, மார்பகப் புற்றுநோயில் அடிசோலிசுமாபோடு நாப் வடிவத்துக்குப் பதிலாகப் பழைய பாக்லிடாக்செலைக் கொடுக்காதீர்கள் என்று எஃப்டிஏ எச்சரித்திருந்தது.

யார் காரணம்?

உடனே எல்லோர் விரலும் ஸ்டீராய்டை நோக்கித்தான் நீண்டது. கேட்பதற்கு அழகான விளக்கம். டி செல்களை எழுப்பும் மருந்தையும் தூங்கவைக்கும் மருந்தையும் ஒரே நாளில் கொடுத்தால் என்ன ஆகும்? ஆதரவாக ஒரு சான்றும் இருந்தது. நுரையீரல் புற்றுநோயில் இம்யூனோதெரபி தொடங்கும்போது தினமும் 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிரெட்னிசோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் குறைவு என்று 640 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2018-இல் எழுதியிருந்தார்கள். நானோ ஆதரவாளர்களுக்கு இது நல்ல செய்தி: எண்ணெய் போனால் ஸ்டீராய்டு போகும், ஸ்டீராய்டு போனால் இம்யூனோதெரபி வேலை செய்யும்.

கொஞ்சம் தோண்டினால் தளர்ந்துவிடுகிறது. அந்த நுரையீரல் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் பலர் மூளைக்குப் பரவல், மூச்சுத் திணறல், கடும் சோர்வு போன்றவற்றுக்காக எடுத்தவர்கள். ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தவர்கள். வேறு காரணங்களுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்த அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு காணாமற்போனது. அப்புறம், தினமும் மாதக்கணக்கில் எடுப்பதும் கீமோவுக்கு முன் ஓரிரு முறை எடுப்பதும் ஒன்றாகுமா?

இதைவிடப் பலமான எதிர்ச்சான்று, அடிசோலிசுமாபின் போட்டி மருந்தான பெம்ப்ரோலிசுமாபிலிருந்து வந்தது. கீநோட்-355 என்ற சோதனையில் 847 பேர், நோய் அதே. இதில் நாப்-பாக்லிடாக்செல், பழைய பாக்லிடாக்செல், ஜெம்சிடபினும் கார்போபிளாட்டினும் என மூன்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். பிடி-எல்1 அதிகமுள்ளவர்களிடம் மொத்தமாக 23.0 மாதத்துக்கு 16.1 மாதம் என்று வாழ்நாள் நீண்டது. கீமோ வாரியாகப் பிரித்தால் நோய் முற்றாத காலத்தின் அபாய விகிதம் நாப் வடிவத்தில் 0.57, பழைய பாக்லிடாக்செலில் 0.33. அதாவது, ஸ்டீராய்டு வழக்கமாகக் கூடவே போகும் எண்ணெய் வடிவத்தில்தான் பலன் மிகப் பெரிதாகத் தெரிந்தது! பழைய பாக்லிடாக்செல் பெற்றவர்கள் இந்தச் சோதனையில் சொற்பம், ஆகவே 0.33 என்ற எண்ணைத் தூக்கிக் கொண்டாட வேண்டாம். ஆனால் ஸ்டீராய்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்ற கோட்பாட்டோடு அது ஒத்துப்போகவே இல்லை.

நுரையீரல் புற்றுநோயிலும் இதே கதை. இம்பவர்150 சோதனையில் அடிசோலிசுமாபையே பழைய பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின், பெவாசிசுமாபோடு கொடுத்தபோது வாழ்நாள் 14.7 மாதத்திலிருந்து 19.2 மாதமாக உயர்ந்தது. ஆரம்பநிலை ட்ரிபிள் நெகட்டிவ் நோயில் பெம்ப்ரோலிசுமாபுக்குப் பெரிய வெற்றி தேடித்தந்த கீநோட்-522 சோதனையிலும் கூட்டாளி பழைய பாக்லிடாக்செல்தான்.

அப்படியானால் அல்புமின் துகள் வேறு ஏதாவது செய்கிறதா? நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் கணையப் புற்றுநோயில் காட்டிய ஒன்று சுவையானது. கட்டியிலுள்ள மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்கள் நாப்-பாக்லிடாக்செலை மொத்தமாக விழுங்கி, கட்டிக்குத் துணைபோகும் குணத்திலிருந்து கட்டியை எதிர்க்கும் குணத்துக்கு மாறின. இது மனிதர்களிலும் அதே அளவுக்கு நடந்தால், கூட்டணியில் நானோ வடிவத்துக்கு உண்மையான பங்கு இருக்கும். ஆனால் பாக்லிடாக்செலைப் பொறுத்தவரை எலியை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. எலியின் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியைப் பாக்லிடாக்செல் நேரடியாகத் தூண்டும். மனித ஏற்பி அதற்கு அப்படி மசியாது. எலியின் எதிர்ப்பு செல்கள் துள்ளுவதைப் பார்த்து நாம் துள்ளக்கூடாது.

கட்டிக்குள் அதிகமாகச் சேர்வதுதான் காரணம் என்ற பழைய வாதமும் இருக்கிறது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டை, நானோ துகள் கசிந்து உள்ளே தங்கும் என்று 1986-இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் சொன்னது. ஆனால் பத்தாண்டுகால விலங்காய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த அலசலில், ஏற்றிய நானோ மருந்தில் கட்டியை அடைவது இடைநிலை அளவாக 0.7 விழுக்காடுதான் என்று தெரிந்தது. நாப்-பாக்லிடாக்செல் ரத்தத்திலேயே சிதறிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த வாதம் இந்த மருந்துக்குப் பொருந்துவது கடினம்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது ப்ளாசிபோ பிரிவுகளைத்தான். இம்பேஷன்130-இல் பிடி-எல்1 உள்ளவர்கள் நாப்-பாக்லிடாக்செல் மட்டும் பெற்று 17.9 மாதம் வாழ்ந்தார்கள். இம்பேஷன்131-இல் அதே போன்றவர்கள் பழைய பாக்லிடாக்செல் மட்டும் பெற்று 28.3 மாதம். பத்து மாதத்துக்கு மேல் வேறுபாடு! பழைய பாக்லிடாக்செல் நாப் வடிவத்தைவிட அவ்வளவு உயர்ந்த மருந்து என்று எந்தச் சோதனையும் சொன்னதில்லை. ஆகவே இரண்டு சோதனைகளிலும் சேர்ந்த பெண்கள் ஏதோ ஒரு வகையில் ஒரே மாதிரி இல்லை, அல்லது 131-இன் ப்ளாசிபோ பிரிவுக்கு எண்ணிக்கை குறைவால் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. பிடி-எல்1 உள்ளவர்களில் ப்ளாசிபோ பெற்றவர்கள் அங்கே நூறுபேரைச் சுற்றித்தான். அடிசோலிசுமாப் பிரிவுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 25.4 மாதம், 22.1 மாதம். ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரு சோதனை வென்றதற்கும் மற்றது தோற்றதற்கும் பெரும்பங்கு, ஒப்பீட்டுப் பிரிவு எங்கே போய் நின்றது என்பதில் இருக்கிறது.

இதற்கு மேல் பரிசோதனைக் குழப்பம் வேறு. பிடி-எல்1 இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகளிலும் எஸ்பி142 என்ற சாயமுறையைப் பயன்படுத்தினார்கள். இம்பேஷன்130-இன் 614 பேரின் திசுவைப் பின்னர் மூன்று முறைகளில் சோதித்தபோது, எஸ்பி142 கணக்கில் 46 விழுக்காடு, எஸ்பி263 கணக்கில் 75, 22சி3 கணக்கில் 81 விழுக்காடு பேருக்குப் பிடி-எல்1 உண்டு என்று வந்தது. ஒரே கட்டி, மூன்று பதில். யாருக்கு மருந்து கொடுப்பது என்பதே பரிசோதனைக் கருவியைப் பொறுத்து மாறும்போது, கூட இருக்கும் கீமோவின் உறைமீது எல்லாப் பழியையும் பாராட்டையும் போடுவது அவசரம்.

நானோ வடிவம் இருந்தும் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அறுவைக்கு முன் கொடுக்கும் நியோட்ரிப் என்ற சோதனையில் நாப்-பாக்லிடாக்செல், கார்போபிளாட்டினோடு அடிசோலிசுமாப் சேர்த்தும் கட்டி முழுதாக மறைந்தவர்களின் விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை: 48.6 விழுக்காடு, 44.4 விழுக்காடு. ஆனால் நாப்-பாக்லிடாக்செலுக்குப் பிறகு டாக்சோரூபிசின் வகைக் கீமோவையும் கொடுத்த இம்பேஷன்031-இல் 57.6-க்கு 41.1 என்று தெளிவான வேறுபாடு. இரண்டிலும் நானோ இருந்தது. இரண்டாவதில் டாக்சோரூபிசின் இருந்தது.

அனுமதியின் முடிவு

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ஏப்ரலில் எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 7-க்கு 2 என்று அனுமதியைத் தொடரலாம் என வாக்களித்தது. ஜூலையில் பெம்ப்ரோலிசுமாபுக்கு முழு அனுமதி கிடைத்தது. கையில் நிரூபணமான ஒரு மாற்று வந்துவிட்டபின் விரைவு அனுமதியை நீட்டிப்பதற்கு நியாயம் மெலிந்துபோனது; ஆகஸ்டில் ரோஷ் விலகிக்கொண்டது. ஐரோப்பாவில் நாப்-பாக்லிடாக்செலோடு சேர்த்த அனுமதி தொடர்ந்தது. ஒரே தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கரைகளில் இரண்டு தீர்ப்பு. விரைவில் நோய் திரும்பியவர்களிடம் வேறு கீமோக்களோடு அடிசோலிசுமாபைச் சோதித்த இம்பேஷன்132-உம் 2024-இல் தோல்வி என்று வந்தது: வாழ்நாள் 12.1 மாதத்துக்கு 11.2 மாதம்.

நாப் வடிவத்தையும் எண்ணெய் வடிவத்தையும் ஒரே சோதனைக்குள், அடிசோலிசுமாபோடும் இல்லாமலும் நான்கு பிரிவாக வைத்து ஒப்பிட்டிருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். அதை யாரும் செய்யவில்லை. ரோஷ் விலகிய பிறகு செய்வதற்கு யாருக்கும் வணிகக் காரணமும் இல்லை.

துகள் எங்கே போகவேண்டும்

இந்த நிகழ்வைப் பார்த்துவிட்டு நானோ மருத்துவத்தால் இம்யூனோதெரபிக்குப் பயனில்லை என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. நார்வேயின் ஆலிஸ் சோதனை சிறியது, 68 பேர்தான். அடிசோலிசுமாபோடு லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த டாக்சோரூபிசினையும் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடையும் கொடுத்தார்கள். லிப்போசோம் டாக்சோரூபிசின் 1995-இலேயே அனுமதி பெற்ற, நானோ மருந்துகளில் மூத்தது; அதன் துகள் நாப்-பாக்லிடாக்செல் போலச் சிதறாமல் ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். 15 மாதம் கழித்து நோய் முற்றாமல் இருந்தவர்கள் அடிசோலிசுமாப் பிரிவில் 14.7 விழுக்காடு, ப்ளாசிபோவில் யாருமில்லை. பிடி-எல்1 இல்லாதவர்களிடமும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது. ஆனால் இங்கேயும் நானோ மருந்து இரு பிரிவுக்கும் பொது. சாதாரண டாக்சோரூபிசின் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பதில் இதில் இல்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு திசை. மேலே பார்த்தவற்றில் நானோ துகளின் வேலை கட்டிக்கு நஞ்சு சுமப்பது. இம்யூனோதெரபிக்குத் தேவையோ, எதிர்ப்பு செல்லுக்குத் தகவல் சேர்ப்பது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உகுர் சாஹினின் குழு 2016-இல் இதற்கு ஒரு வழி காட்டியது. புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவையும் கொழுப்பையும் கலக்கும்போது கொழுப்பின் விகிதத்தைக் குறைத்தால் துகளின் மின்னூட்டம் லேசாக எதிர்மறையாகிறது. அப்படிப்பட்ட துகள், ரத்தக்குழாயில் ஏற்றியதும் மண்ணீரலுக்குப் போய் அங்குள்ள டென்ட்ரிடிக் செல்களுக்குள் நுழைகிறது. மேற்பரப்பில் வழிகாட்டி மூலக்கூறு எதையும் ஒட்டவேண்டியதில்லை. டென்ட்ரிடிக் செல்தான் டி செல்லுக்கு எதிரியின் அடையாளத்தைக் காட்டும் செல். துகள் போகவேண்டிய இடத்துக்கே போகிறது, 0.7 விழுக்காட்டுக் கவலை இங்கே இல்லை.

இதே துகளை வைத்து நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரன் குழு கணையப் புற்றுநோய்க்கு ஒரு சோதனை நடத்தி 2023-இல் வெளியிட்டது. அறுவையில் எடுத்த கட்டியின் மரபணுப் பிறழ்வுகளைப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தடுப்பூசி. 16 பேர் பெற்றார்கள், 8 பேருக்கு அந்தப் பிறழ்வுகளை அடையாளம் காணும் டி செல்கள் புதிதாக உருவாயின. 18 மாதக் கண்காணிப்பில், பதில்வினை வராதவர்களுக்கு நோய் திரும்பும் இடைநிலைக் காலம் 13.4 மாதம், வந்தவர்களிடம் பாதிப்பேருக்குக்கூட இன்னும் திரும்பவில்லை. 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. எதிர்ப்பு சக்தி இயல்பிலேயே நன்றாக உள்ளவர்களுக்குத்தான் டி செல்லும் வந்தது, நோயும் தள்ளிப்போனது என்று ஒருவர் வாதிட்டால் இந்தத் தரவை வைத்து மறுக்க முடியாது.

அந்தப் 16 பேருக்கும் தடுப்பூசிக்கு முன் ஒருமுறை கொடுத்த இம்யூனோதெரபி, நம் அடிசோலிசுமாபேதான். இப்போது நடக்கும் பெரிய சோதனையில் ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி, அடிசோலிசுமாப், கீமோ மூன்றும். மற்றதற்குக் கீமோ மட்டும். முதல் பிரிவு வென்றால் அதில் துகளின் பங்கு எவ்வளவு, அடிசோலிசுமாபின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையில் இடமே இல்லை.